கல்லறைக்குப் போன இலந்தைப் புதர்

களப்பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். பெயருக்கு முன்னால் "அனுபவசாலி" என்று வேறு போட்டுவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் என் வலது முழங்கால் ராஜினாமா செய்தது. அதைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கூடவே வந்துவிட்டேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஒரு நிலத்தை ஆலைக்காகச் சமன் செய்வதற்கு முன்னால் அங்கே போய், என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்த்து எழுதுவது நம் தொழில். சாவு விழப்போகிற வீட்டுக்கு முன்கூட்டியே போய், "வீட்டில் மொத்தம் எத்தனை பேர், எல்லோரும் சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டு வருவதுபோல. வலை வீசுவது, படம் எடுப்பது, பெயர் கண்டுபிடிப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். பயம் வந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அந்தப் பாடத்தில் நான் பேராசிரியர். பயந்தால் எனக்கு வாய் திறந்துகொள்ளும். ஜோக்காக வந்து கொட்டும். நான் சிரிக்கச் சிரிக்கப் பேச ஆரம்பித்தால் எங்கள் குழுவில் முதலுதவிப் பெட்டியைத் தேடுவார்கள்.

ஒரகடத்துக்கும் சேரப்பணஞ்சேரிக்கும் நடுவில் ஓர் ஆலை. மின்னணுப் பலகைகள் செய்கிறவர்கள். சுற்றுச்சுவருக்குப் பின்னால், ஏரிக்கரை வரைக்கும் முள்காடாகக் கிடந்த நிலத்தை வாங்கி விரிவுபடுத்தப் போகிறார்கள். அந்த முள்காட்டில்தான் ஜெசிந்தா அதைக் கண்டாள்.

ஜெசிந்தா என்னோடு வேலை செய்தவள். பென்னலூர்க்காரி. அப்பா இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்ப் புதருக்குள் குனிந்துகொள்வாள். அப்படிக் குனிந்த ஒரு தடவைதான், "அண்ணா, கத்தாம வாங்க" என்றாள். நான் கத்திக்கொண்டேதான் போனேன். முள் குத்தியது.

இலந்தைக் கிளையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வண்ணத்துப்பூச்சி. இறக்கையை மூடியிருந்தபோது வெளிறிய நிறத்தில் செம்பழுப்புப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் வெள்ளிச் சரிகை ஓடியது. திறந்தபோது மேல்பக்கத்தில் புளிபோட்டுத் துலக்கிய செம்புச் சொம்பின் நிறத்தில் ஒரு திட்டு. நாங்கள் அதை வெள்ளிக்கோடு என்போம். முன்பெல்லாம் இந்தப் பக்கத்து முள்காடுகளில் சாதாரணமாகத் திரிந்ததுதான். முள்காடு போனதும் அதுவும் போயிற்று. ஒரகடம் சாலையின் இரண்டு பக்கமும் நானும் ஜெசிந்தாவும் நடையாய் நடந்து தேடினோம். வேறெங்கும் இல்லை. இந்த ஓர் இடம்தான் பாக்கி.

அதன் பின்னிறக்கையில் மெல்லிய வால்களும், அவற்றின் அடியில் ஆரஞ்சுப் புள்ளியும் உண்டு. உட்கார்ந்ததும் வாலை ஆட்டும். பார்க்கிறவனுக்கு அதுதான் தலை, வால்தான் மீசை என்று தோன்றும். ஓணான் அங்கேதான் கொத்தும். ஒரு துண்டு இறக்கையோடு போகும். நிஜத் தலை எதிர்ப்பக்கம் பறந்துவிடும். எங்கள் அலுவலகமும் அதே முறையில்தான் நடந்தது. கொத்து வாங்குவதற்கென்று ஒரு பொய்த்தலையை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பதவியில் நான் பல வருடம் இருந்தேன்.

இனி முக்கியமான விஷயம். இந்த வண்ணத்துப்பூச்சியின் புழு தனியாக வாழாது. பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுமே, ஒரு சின்னக் கறுப்பு எறும்பு, அதோடுதான் குடித்தனம். பகலெல்லாம் எறும்புகள் கட்டிய கூட்டுக்குள் புழு படுத்திருக்கும். பொழுது சாய்ந்ததும் இலை தின்ன வெளியே வரும். அதன் முதுகில் ஊறும் இனிப்புத் துளியை எறும்புகள் நக்கிக்கொள்ளும். பதிலுக்குக் குளவியையும் சிலந்தியையும் விரட்டும். எறும்பு நக்காவிட்டால் அந்த இனிப்பிலேயே பூஞ்சை பிடித்துப் புழு செத்துவிடும். தாய்ப்பூச்சி முட்டையிட வரும்போது இலையைப் பார்ப்பதற்கு முன் எறும்பு இருக்கிறதா என்றுதான் பார்க்கும். எறும்பில்லாத இலந்தை அதற்கு வெறும் முள்.

நிலத்தில் ஒரு மூலையை மட்டும் விட்டுவிடச் சொல்லலாம் என்றாள் ஜெசிந்தா. ஆலையோடு கூட்டம் நடந்தது. ஒரு மூலைகூட முடியாது, அங்கேதான் லாரி திரும்ப வேண்டும் என்றார்கள். எங்கள் முதலாளி மேசைமேல் கை தட்டி, "அப்படின்னா இடம் மாத்திடுவோம் சார். உங்க வாசல்லயே வண்ணத்துப்பூச்சித் தோட்டம் போடுறோம்" என்றார். எல்லோருக்கும் மகிழ்ச்சி. வெளிநாட்டிலிருந்து வாடிக்கையாளர்கள் வரப்போகிறார்கள். அவர்களையே வைத்துத் திறந்துவிடலாம். ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் பிஸ்கெட்டைப் பார்த்தேன்.

மழை தொடங்கும் முன் ஒரு காலையில் வேலையை ஆரம்பித்தோம். எறும்புக்கூடு இருந்த புதர்களாகப் பார்த்து, வேரோடு மண்ணோடு தோண்டி, ஈரச் சாக்கில் கட்டி, குட்டியானை என்கிறார்களே, அந்தச் சின்ன லோடு வண்டியில் ஏற்றினோம். எறும்புகள் என் சட்டைக்குள் குடியேறின. நாங்கள் கடைசிச் சாக்கைக் கட்டுவதற்குள் ஜேசிபி அந்தப் பக்கத்திலிருந்து மண்ணைத் தள்ள ஆரம்பித்துவிட்டது. திரும்பிப் போக இடமில்லை என்பதை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நான் குறித்துக்கொள்ளவில்லை, சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தேன்.

ஆலையின் வாசலில் காவலாளி வண்டியை நிறுத்தினார். நல்ல மனிதர், எனக்கு டீ எல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"இன்னா லோடு சார்?"

"செடிதான். தோட்டத்துக்கு."

அவர் சாக்கை விலக்கிப் பார்த்தார். கையை உதறினார். "இன்னா சார், எறும்பா ஓடுது!"

"ஆமா, அதுவும் லோடுதான்."

"உள்ள இன்னா கீது?"

"புழு."

"புழுவா? வெளாடறீங்களா? ஒரு கொசு உள்ள பூந்துச்சின்னாவே எங்களுக்கு மெமோ. புழுவுக்கு கேட் பாஸ் எப்டி சார் போடறது? ஐடி கார்டு கீதா அதுக்கு?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த ஆலைக்குள் போகிற அட்டைப்பெட்டியைக்கூடப் பூச்சி இருக்கிறதா என்று சோதித்துத்தான் விடுவார்கள். வண்ணத்துப்பூச்சித் தோட்டம் வேண்டும் என்று கேட்டவர்களும் அவர்கள்தான். பூச்சி ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது என்று சட்டம் போட்டவர்களும் அவர்கள்தான். இந்த இரண்டையும் யாரும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கவில்லை. நான் உட்பட. என் கவனம் பிஸ்கெட்டில் இருந்தது.

காவலாளி அட்மின் மேனேஜருக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். மேனேஜர் சத்தமே போடவில்லை. சத்தம் போடாதவர்களிடம்தான் எனக்குப் பயம். "ஒண்ணும் பிரச்சனை இல்ல சார். நம்ம பெஸ்ட் கன்ட்ரோல் ஆள் இப்ப வருவார். ஒரு ஸ்ப்ரே அடிச்சிட்டு உள்ள விட்ருவாங்க. நாளைக்கு கெஸ்ட் வராங்க, இன்னிக்கே நட்டாகணும்."

சொன்னபடியே முதுகில் மருந்து டேங்கோடு ஒருவர் வந்து, வண்டிக்குப் பக்கத்தில் நின்று, என் உத்தரவுக்காகக் காத்திருந்தார்.

உங்களுக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். மருந்து அடித்தால் எறும்பும் புழுவும் கூட்டுக்குள்ளேயே செத்துவிடும். ஆனால் செடி பச்சையாகத்தான் நிற்கும். தோட்டம் திறப்பார்கள். இடமாற்றம் நல்லபடியாக நடந்தது என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அடுத்த மாதம் வண்ணத்துப்பூச்சி வராவிட்டால், "இயற்கை, சார்" என்றால் போதும். ஒருவரும் கேட்க மாட்டார்கள். நம் தொழிலில் மாட்டிக்கொள்கிற வேளையைவிட, தப்பித்துக்கொள்ள நல்ல வழி தெரிகிற வேளைதான் ஆபத்து.

அந்த வேளையில் நான் என்ன செய்தேன்? வண்டியைச் சுற்றி வந்தேன். மருந்துக்காரரிடம் அவர் ஊர் எது என்று கேட்டேன். காவலாளியிடம், மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைக் கொசுவர்த்தி ஏற்றி வரவேற்ற கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கழிவறை எங்கே என்று கேட்டேன். போய்விட்டு வந்து மறுபடியும் கேட்டேன். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. வண்டியின் தகரம் சுட்டது. ஜெசிந்தா மேலே ஏறி உட்கார்ந்து, தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரைச் சாக்குகளின் மேல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஜோக் முடிஞ்சுதா?"

"இன்னொண்ணு இருக்கு."

"அத அப்பறம் சொல்லுங்க. எறும்பு முட்டையத் தூக்கினு வெளிய வர ஆரம்பிச்சிருச்சு. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா மருந்தே வேணாம்."

"எங்கம்மா போறது? அங்க ஜேசிபி நிக்குது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க ஊருக்கு வுடுங்க. கல்லறைக்கு."

"யார் கல்லறைக்கு?"

"எங்கப்பாது. அது ஒண்ணுதான் நான் சொன்னா கேக்கற எடம்."

நான் மேனேஜருக்குப் போன் போட்டேன். நெஞ்சை நிமிர்த்தி, மருந்தடித்தால் இடமாற்றத்துக்கே அர்த்தமில்லை என்று நான் முழங்கியதாக நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதைப் பரப்பியது நான்தான். உண்மையில் நான் சொன்னது, "சார்... ஹலோ... சார், சிக்னல் வுட்டு வுட்டு வருது." பிறகு கட் செய்துவிட்டு, டிரைவரைப் பார்த்து, "எடுப்பா, எடு எடு" என்று கத்தினேன். என் வாழ்நாளின் வீரமான முடிவை அப்படித்தான் எடுத்தேன். சிக்னல் நான்கு கட்டமும் நிறைந்திருந்தது.

மறுநாள் அந்த ஆலை வாசலில் குரோட்டன்ஸ் நட்டு, சுவரில் பெரிய வண்ணத்துப்பூச்சி ஓவியம் வரைந்து வைத்தார்கள் என்று காவலாளி சொன்னார். விருந்தாளிகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம். எங்கள் முதலாளி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அது எனக்கு வசதியாகவே இருந்தது.

பென்னலூரில் ஜெசிந்தாவின் அம்மா, மகள் அப்பாவின் கல்லறையைச் சுற்றி முள்செடி நடுவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பேசியதெல்லாம் பெரியப்பாதான். இறந்தவரின் அண்ணன்.

"இன்னாடி இது? அப்பன் தலைமாட்டுல எவளாவது முள்ளு நடுவாளா? ரோஜா நடு, சாமந்தி நடு. முள்ளு கிரீடத்த ஆண்டவருக்கு வெச்சாங்க, இவ அப்பனுக்கு வெக்கறா!"

"கொஞ்ச நாளைக்குத்தான் பெரிப்பா."

"கல்லறைத் திருநாளுக்கு இன்னும் எத்தினி நாள் கீதுன்னு தெரியுமா? செத்து மொத வருசம். ஊரே வரும். ஃபாதர் வந்து மந்திரிப்பாரு. அன்னிக்கி இத இப்டியே வெச்சிகினு நிப்பியா?"

அந்த ஊர் வழக்கம் இது. நவம்பர் இரண்டாம் தேதி எல்லாக் குடும்பங்களும் கல்லறைக்கு வந்து, புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூவைப் பரப்பி மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சாயங்காலம் ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். செதுக்காத கல்லறை என்றால் அந்தச் செத்தவனுக்கு ஆளில்லை என்று அர்த்தம். செத்த முதல் வருடம் அப்படிக் கிடந்தால் குடும்பத்தின் காதுபடவே பேசுவார்கள். ஜெசிந்தாவுக்கு இது எனக்குத் தெரிவதைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நட்டாள்.

அதன் பிறகு நடந்தவை நல்ல செய்திகள் அல்ல. வாசலில் வெயிலில் நின்றதிலேயே பாதி எறும்பு கலைந்துபோயிருந்தது. நட்ட புதர்களில் ஒன்றைத் தவிர எல்லாம் காய்ந்தன. எறும்பு விட்டுப்போன புழுக்கள் பூஞ்சை பிடித்துச் சுருண்டன. பிழைத்த புதரில் சில புழுக்கள் கூட்டுப்புழுவாக மாறின. அவற்றிலும் பெரும்பாலானவற்றைக் குளவி குடைந்துவிட்டது. தினமும் வேலைக்கு வரும் முன் ஜெசிந்தா போய்ப் பார்ப்பாள். "எப்படிம்மா?" என்று நான் கேட்பேன். "கீது" என்பாள். அந்த ஒரு சொல்லில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உயிர் குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில் இரண்டு கூட்டுப்புழு மிஞ்சின. அக்டோபர் முடிவில் ஒன்றிலிருந்து வெள்ளிக்கோடு வெளியே வந்தது. ஆண். பக்கத்துக் கல்லறைச் சிலுவையின் உச்சியைத் தன் இடமாக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் வந்த ஈ, தும்பி எல்லாவற்றையும் துரத்திக்கொண்டிருந்தது. மீதி இருந்தது ஒன்றே ஒன்று. அதிலிருந்து பெண் வந்தால் இந்தப் புதரில் முட்டை விழும், எறும்பும் இருக்கிறது, ஒரு தலைமுறை கிடைக்கும். புதரைக் காப்பாற்றியாக வேண்டும். ஆண் வந்தால் எல்லாம் முடிந்தது. கணக்கு அவ்வளவு எளிமையானது.

திருநாளன்று காலையில் நான் போனபோது கல்லறைத் தோட்டம் முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. எல்லாக் கல்லறைகளும் வெள்ளையாகி, மேலே சாமந்தி பரப்பியிருந்தது. நடுவில் ஜெசிந்தாவின் அப்பா மட்டும் முள்ளுக்குள் கிடந்தார். அம்மா மண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். போகிற வருகிற பெண்கள் நடையை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியப்பா கொடுவாளோடு தயாராக நின்றார்.

"சார், நீங்களாவது சொல்லுங்க சார் இவளுக்கு."

கூட்டுப்புழுவின் தோல் வழியாக இறக்கையின் நிறம் தெரிய ஆரம்பித்திருந்தது. எந்த நிமிடமும் வெடிக்கும். "கொஞ்சம் பொறுங்க ஐயா" என்றேன். பிறகு வழக்கம்போல் வாய் திறந்துகொண்டது. பிரசவ வார்டு வாசலில் காத்திருந்த ஒருவன் நர்ஸிடம் என்ன கேட்டான் தெரியுமா என்று ஆரம்பித்தேன். கல்லறையில், முதல் வருடத்துத் துக்கக்காரர்களிடம். பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையில் கொடுவாளை யார்மேல் உபயோகிப்பது என்ற யோசனை இருந்தது.

"அண்ணா" என்றாள் ஜெசிந்தா. "வருது."

தோல் பிளந்து அது வெளியே வந்தது. கசங்கிய இறக்கையோடு கிளையில் ஏறித் தொங்கியது. எறும்புகள் சுற்றி நின்றன. நாங்கள் காத்திருந்தோம். இறக்கை விரிந்து காய்ந்த பிறகு ஒரு தடவை மெல்லத் திறந்து மூடியது. செம்புத் திட்டைச் சுற்றி நீலமாக ஒரு மினுக்கம். அந்த மினுக்கம் ஆணுக்குத்தான் உண்டு. அவள் இருந்த கோணத்தில் அது தெரியாது. நான் மட்டும்தான் பார்த்தேன்.

"ஆணா பொண்ணாண்ணா?"

இளம் நண்பர்களே, எனக்கு அப்போது பொய் சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? "பொண்ணும்மா" என்றிருந்தால் அவள் முகம் மலர்ந்திருக்கும். அவள் அம்மா அன்று சாயங்காலம் ஊர் முன்னால் அந்த முள்ளோடு நின்றிருப்பார். இல்லாத முட்டைக்காக அவள் அடுத்த மாதமும் அங்கே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஆலைக்காரர்கள் நம்மை வைத்திருப்பது நல்ல செய்தி சொல்வதற்காகத்தான். அது நமக்குச் சீக்கிரமே பழகிவிடும். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருக்கிறது என்றால் இருக்கிறது என்று சொல்லுங்கள். முடிந்துவிட்டது என்றால் முடிந்தது என்று யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இருக்கிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

"ஆண்" என்றேன்.

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

"வேற எங்கருந்தாவது ஒரு பொண்ணு வராதா?"

"நாம ரெண்டு பேரும்தான தேடினோம். நீயே சொல்லு."

அவள் அதையே பார்த்தாள். பிறகு எழுந்து கையை நீட்டினாள்.

"குடுங்க பெரிப்பா."

"நீ வுடும்மா, நான் வெட்டறேன்."

"எங்கப்பாக்கு நான்தான் செய்யணும். குடுங்க."

ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டே வந்தாள். காய்ந்த புதர்கள் முதலில் போயின. எறும்புகள் அவள் கையிலும் கழுத்திலும் ஏறின, அவள் தட்டிவிடவில்லை. வண்ணத்துப்பூச்சி இருந்த கிளையைக் கடைசிவரை விட்டுவைத்தாள். அது பறந்த பிறகுதான் அதையும் வெட்டினாள். அம்மா எழுந்து வந்து முள்ளை வாரி ஓரமாகப் போட்டார். பெரியப்பா சுண்ணாம்பு வாளியைக் கொண்டுவந்து வைத்தார். எல்லோரும் சேர்ந்து வேலை செய்தோம். நான்கூடப் பேசவில்லை.

வெள்ளையடித்து முடிக்கும் வேளையில், பக்கத்துச் சிலுவையில் காவல் இருந்த பழைய ஆண், புதிதாக வந்ததைப் பார்த்துவிட்டது. பாய்ந்து வந்தது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, கல்லறைக்கு நேர் மேலே திருகாணிபோல உயரே போயின. வெயிலில் வெள்ளியும் செம்புமாக மின்னின.

பெரியப்பா வாளியைக் கீழே வைத்து அண்ணாந்து பார்த்தார். முதல்முறையாகச் சிரித்தார். "அடடே. இன்னாடி, ரெண்டும் கொஞ்சிகினு போவுதா?"

ஜெசிந்தா தலையைத் தூக்கவில்லை. மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி எடுத்தாள்.

"இல்ல பெரிப்பா. எடத்துக்கு அடிச்சிக்குதுங்க."